உம்ராவுக்குப் போகிறீர்களா? மீக்காத்தில் கோட்டை விடாதீர்கள்

போன மாதம் சென்னை ஏர்போர்ட்டில் ஒரு பெரியவர், முதல் உம்ரா (மக்கா புனிதப் பயணம்), பெட்டியை எல்லாம் கவுண்டரில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "இஹ்ராம் துண்டு எங்கே மாமா?" என்றேன். "பெரிய பெட்டியில பத்திரமா இருக்குப்பா." உம்ராவுக்குக் கட்டுகிற தைக்காத வெள்ளைத் துண்டு அது, இனி விமானத்தில் எடுக்க முடியாது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் பயணத்தில் நானும் இதையேதான் செய்தேன். செருப்பு தொலைவது, மாத்திரையை மறப்பது எல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள், அதை விடுங்கள்.

மீக்காத்தைத் தூக்கத்தில் கடப்பது

மக்காவைச் சுற்றி ஐந்து மீக்காத் எல்லைகள் உண்டு. உம்ரா செய்யப் போகிறவர் இஹ்ராம் இல்லாமல், அதாவது உம்ரா நிலைக்குள் நுழையாமல், அவற்றைத் தாண்டக் கூடாது. கப்பலில் போன காலத்தில் நம்மவர்களுக்கு யலம்லம்தான் எல்லை. இன்று ஜித்தா விமானங்கள் பெரும்பாலும் தாயிஃப் பக்கம், கர்னுல் மனாஸில் என்கிற மீக்காத்துக்கு நேராகப் போகின்றன. அதாவது எல்லை வானத்திலேயே கடந்துவிடும், சக்கரம் ஜித்தாவில் தரையைத் தொடும்போது நாம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோம்.

என் முதல் பயணத்தில் எங்களைக் கூட்டிப்போனவர் "ஜித்தாவுல ரூமுக்குப் போய்க் கட்டிக்கலாம்" என்றார், நம்பினேன். குளித்து, வெள்ளைத் துண்டு கட்டி, வழியெல்லாம் கண்ணீரோடு தல்பியா முழக்கம் சொல்லி, உம்ராவை முடித்துவிட்டு மக்காவின் ஹரம் பள்ளியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) பேச்சுவாக்கில் "எங்கே நிய்யத் வெச்சீங்க தம்பி?" என்று கேட்டார். நிய்யத் என்றால் உம்ரா செய்கிறேன் என்று மனதில் உறுதி கொள்வது. ஜித்தாவில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு ஆடு தம் கொடுக்கணுமே" என்றார், அதாவது பரிகாரமாக அறுக்க வேண்டும். உம்மாவுக்கு அஜ்வா பேரீச்சம்பழம் வாங்க வைத்திருந்த ரியால் அதற்குப் போனது. பணம் போனதைவிட, அத்தனை வருடம் ஏங்கிச் செய்த முதல் உம்ராவில் ஒரு வாஜிபை (கட்டாயக் கடமையை) விட்டுவிட்டோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதைவிடக் கோபம் வருவது, "பரவாயில்ல பாய், ஆயிஷா பள்ளிக்குப் போய்க் கட்டிக்கிட்டா சரியாயிடும்" என்று தைரியம் சொல்கிறவர்களைப் பார்த்து. சரியாகாது! தன்ஈம் என்கிற அந்த இடம் மக்காவுக்குள் ஏற்கெனவே இருப்பவர் இன்னொரு உம்ரா செய்ய வெளியே போய் வருகிற எல்லை, ஹரமிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். வெளியூரிலிருந்து மீக்காத்தைத் தாண்டி வந்தவருக்கு அது பரிகாரம் இல்லை. இஹ்ராம் கட்டும் முன்பே தவறு தெரிந்துவிட்டால் மீக்காத்துக்கே திரும்பப் போக வேண்டும். கர்னுல் மனாஸில் என்றால் மக்காவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், இன்று ஸைலுல் கபீர் என்பார்கள். டாக்ஸிக்குக் காசு ஆகும்தான், போங்கள்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இஹ்ராம் என்பது துண்டு இல்லை, நிய்யத். துண்டை வீட்டிலேயோ ஏர்போர்ட்டிலேயோ கட்டிக்கொண்டு, மீக்காத் நெருங்கும்போது நிய்யத் வையுங்கள். சில விமானங்களில் அறிவிப்பு வரும், சிலவற்றில் வராது. தூங்கிவிடுவோம் என்று பயமாக இருந்தால் முன்கூட்டியே வைத்துவிடலாம், பிந்துவதுதான் ஆபத்து. துண்டு பெட்டியோடு போய்விட்டாலும் நிய்யத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தைத்த உடையில் இருந்ததற்கான ஃபித்யாவில் (பரிகாரத்தில்) மூன்று நோன்பு வைக்கவும் வழி இருக்கிறது. பெண்களுக்குத் தனி உடையே இல்லை, முகத்திரையும் கையுறையும் மட்டும் வேண்டாம்.

முதலில் மதீனா போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை. அங்கிருந்து மக்காவுக்குக் கிளம்பும்போது மதீனா பக்க மீக்காத்தான துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவருக்கு என் கைப்பையில் இருந்த இன்னொரு செட்டைக் கொடுத்தேன். அந்த ஒரு செட் இல்லாமல் இப்போதெல்லாம் நான் கிளம்புவதே இல்லை.

ஸயீ கணக்கு

ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை நடப்பதுதான் ஸயீ. ஸஃபாவிலிருந்து மர்வா போனால் ஒன்று, திரும்பினால் இரண்டு. போய்வருவதை ஒன்றாக எண்ணிப் பதினாலு முறை நடந்து கால் வீங்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழாவது மர்வாவில் முடியும்.

ஹிஜ்ர் இஸ்மாயில்

கஅபாவைச் சுற்றும்போது, அதை ஒட்டிய இந்த அரைவட்டச் சுவருக்கு வெளியேதான் சுற்ற வேண்டும். உள்ளே புகுந்து போனால் அந்தச் சுற்று சேராது, அந்த இடத்தில் ஒரு பகுதி கஅபாவைச் சேர்ந்ததுதான்.

வாசனை

கஅபாவின் திரையிலும் ருக்னுல் யமானி மூலையிலும் அத்தர் பூசியிருப்பார்கள். இஹ்ராமில் இருக்கும்போது பாசத்தில் போய்க் கையை வைத்தால் வாசனை அப்படியே ஒட்டிக்கொள்ளும், இஹ்ராமில் அது கூடாது. ஹோட்டல் சோப்பும் அப்படித்தான்.

ஹஜருல் அஸ்வத்

கஅபாவின் மூலையில் உள்ள இந்தக் கறுப்புக் கல்லை முத்தமிடுவது சுன்னத் (நபிவழி). அடுத்தவரை இடித்துத் தள்ளுவது பாவம். தூரத்திலிருந்து கை காட்டுங்கள், போதும்.

ரவ்ளா

மதீனா நபி பள்ளிவாசலில் உள்ள இந்த இடத்துக்கு, சவூதியின் நுஸுக் ஆப்பில் அனுமதி எடுக்காமல் போய் நிற்காதீர்கள்.