6.7 அங்குலம் என்ற எண்ணை நம்பி போன் மாற்றாதீர்கள்

போன வாரம் ஒரு பையன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பென்னாகரம் பக்கத்து ஊர். அம்மாவிடம் இருப்பது 6.5 அங்குல போன், மூன்று வருடப் பழசு, நன்றாகத்தான் ஓடுகிறது. "அண்ணா, அம்மாவுக்கு எழுத்து சரியா தெரிய மாட்டேங்குது, பெரிய டிஸ்ப்ளே போனா எடுத்துடலாம்னு இருக்கோம், இத எக்ஸ்சேஞ்சுல போட்டா எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து மிச்சம் பிடித்த பணம் 22,000 ரூபாயைக் கையில் வைத்திருந்தான். அவனைப் பார்த்ததும் 2021இல் நான் நின்ற இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதே காரணம், அதே பாசம், அதே தவறு.

தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் 2019இல் மொபைல் சர்வீஸ் கடை போட்டேன். புது போன் விற்பதில்லை, பழுது மட்டும்தான் பார்க்கிறேன். டெம்பர் ஒட்டுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள், தெரியாத லிங்கில் போன் வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். போன் மாற்றும்போது பலரும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அங்குலத்தைப் பார்த்து வாங்குவது

எங்கள் அப்பாவுக்குப் பாலக்கோடு பக்கம் தோட்டம், பெரும்பாலும் தக்காளிதான். அவரிடம் ரெட்மி நோட் 4 இருந்தது, 5.5 அங்குலத் திரை. காலையில் மண்டியிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் பெட்டி என்ன விலை என்று வரும், அதைப் படிக்க முடியாமல் கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பார். சரி, திரை சின்னது, அதுதான் காரணம் என்று முடிவு செய்து 24,000 ரூபாய்க்கு 6.7 அங்குல போன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "எழுத்து அப்படியேதான் இருக்குது சாமி" என்றார். புது போன், இன்னும் பழகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னதுதான் சரி என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது.

ஒரு நாள் இரண்டு போனையும் கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். பழைய போனின் திரை அகலம் ஏறக்குறைய 68.5 மில்லிமீட்டர். புதியது ஏறக்குறைய 70. ஒன்றரை மில்லிமீட்டர்கூட முழுசாக வரவில்லை. 24,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அகலம் அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்றால், அங்குலக் கணக்கு திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளப்பது. திரையின் வடிவம் மாறினால் அந்த எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது. பழைய போன்கள் நீளம் 16க்கு அகலம் 9 என்ற விகிதத்தில் இருந்தன. 2017இல் எல்ஜி ஜி6, சாம்சங் கேலக்ஸி எஸ்8 எல்லாம் வந்தபோது திரை நீள ஆரம்பித்தது, இப்போது பெரும்பாலான போன்கள் 20க்கு 9 அல்லது அதை ஒட்டிய விகிதம். நான்கு முழ வேட்டிக்குப் பதில் எட்டு முழ வேட்டி எடுத்தால் நீளம்தான் இரண்டு மடங்கு, அகலம் அதேதான் இல்லையா, அந்தக் கதைதான் இது. 5.5இலிருந்து 6.7க்குப் போனபோது உயரம் 33 மில்லிமீட்டர் கூடியது, அகலம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. போனை நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது ஒரு வரியில் எழுத்து எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதை முடிவு செய்வது அகலம்தான். உயரம் கூடினால் கீழே இன்னும் நாலு மெசேஜ் தெரியும், அவ்வளவே.

சரி, வீடியோவாவது பெரிதாகத் தெரியும் என்பார்கள். யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலானவை இன்னமும் 16க்கு 9. அதை 6.7 அங்குல நீளத் திரையில் படுக்கை வாக்கில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்து, நடுவில் வரும் படம் 5.6 அங்குலம்தான். பழைய 5.5 போனில் அதே படம் திரை முழுக்க வந்தது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும்.

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் 16க்கு 9 போன் அநேகமாக இல்லை, 6.5இலிருந்து 6.7க்குப் போகத்தான் கேட்கிறார்கள். விகிதம் ஒன்றுதான் என்பதால் இங்கே ஒப்பீடு நேர்மையானது, ஆனால் அகலத்தில் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டர். வாங்கும் முன் ஒரு ஸ்கேலைக் கொண்டுபோய், கடையில் வைத்திருக்கும் போனின் திரை அகலத்தையும் உங்கள் போனின் திரை அகலத்தையும் அளந்து பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்பா கதைக்கு வருகிறேன். அந்த அதிகப்படியான 33 மில்லிமீட்டர் வீணாகவும் போகவில்லை, சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சொட்டுநீர்க் குழாயைச் சரி செய்யக் குனிந்தவரின் பையிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது. காம்போ, அதாவது கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த பாகம், அதை மாற்ற 8,500 ரூபாய். அப்புறம் அவர் அந்தப் போனைத் தொடவே இல்லை, பீரோவில் கிடந்த ரெட்மியை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற இடத்தில் ஃபான்ட் சைஸ் என்று ஒன்று, டிஸ்ப்ளே சைஸ் என்று ஒன்று, இரண்டும் தனித்தனி. முதலாவது எழுத்தை மட்டும் பெருக்கும், இரண்டாவது பட்டன், ஐகான் எல்லாவற்றையும் பெருக்கும். வாட்ஸ்அப்புக்குள்ளேயே சாட்ஸ் என்பதில் எழுத்து அளவு தனியாக இருக்கிறது. மூன்றையும் கூட்டி வைத்தேன். ஓரளவு படித்தார், ஆனாலும் வலது கண் மங்கல் என்றார். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் கண்புரை என்றார்கள். இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தோம். கண்ணில் இருந்த பிரச்சினைக்கு நான் போன் வாங்கியிருக்கிறேன். பணம் போனதைவிட, அந்த நான்கு மாதமும் அவர் விலையைத் தெரிந்துகொள்ள அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தினமும் டிஸ்ப்ளே மாற்றுகிற கை இது, அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

பென்னாகரம் பையனின் அம்மாவுக்கும் அந்த மூன்று செட்டிங்கையும் மாற்றிக் கொடுத்தேன். மகளிர் குழுவில் வந்திருந்த மெசேஜை அங்கேயே நின்று படித்தார். கண்ணைக் காட்டிவிட்டு அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் வா என்று பையனை அனுப்பினேன், 22,000மும் அவனோடு திரும்பிப் போனது.

பெரிய திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீபோர்டு திறந்தபின்னும் மேலே இடம் மிச்சமிருக்க வேண்டும், வீடியோ எடிட் செய்கிறேன், நாள் முழுக்கக் கணக்குப் பதிகிறேன் என்பவர்களுக்கு அந்த உயரம் உண்மையிலேயே உதவும், பேட்டரியும் பெரிதாக இருக்கும். ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் பிடிஎஃப் படிக்கப் பெரிய போன் வேண்டும் என்று கேட்கும்போது ஒன்றுதான் சொல்வேன், போனை வைத்துக்கொண்டு தனியாக ஒரு டேப்லெட் வாங்குங்கள். 10 அங்குல டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஏறக்குறைய 135 மில்லிமீட்டர் வரும். எவ்வளவு பெரிய போனையும்விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்காமல் முழுசாகப் படிக்கலாம்.

பேட்டரிக்காகப் போனையே மாற்றுவது

மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அதனால் புது போன் என்று வருகிறவர்கள் நிறைய. லித்தியம் அயன் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவு குறைந்துகொண்டேதான் போகும், வெயிலில் வண்டி டேங்க் கவரில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சோர்ந்துபோவது இயல்பு, போன் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. நல்ல பேட்டரி போட்டுக்கொண்டு இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். அதேபோல மெதுவாக ஓடுகிறது என்றால் முதலில் ஸ்டோரேஜ் பாருங்கள். நிரம்பி வழிகிற போன் எந்த விலையுடையதானாலும் திணறும். குரூப்பில் தினமும் வரும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்ததும் சரியான போன்கள் ஏராளம்.

காம்போ விலை கேட்காமல் வாங்குவது

புது போன் பார்க்கும் முன், அதே மாடலுக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே என்ன விலை, இங்கே கிடைக்குமா, சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள். அமோலெட் திரை, அதிலும் ஓரம் வளைந்த திரை என்றால் விலையைக் கேட்டு நீங்களே தயங்குவீர்கள். வளைந்த ஓரத்தில் டெம்பரும் சரியாக உட்காராது. மலிவு காம்போ போட்டால் வெளிச்சம் குறையும், வெயிலில் படிக்க முடியாது, சில மாடல்களில் திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார் வேலை செய்யாது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு அட்டையைப் போன் அளவுக்கு வெட்டிச் சட்டைப் பையில் போட்டு ஒரு நாள் குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.

ஜிஎஸ்டி குறையும் என்று காத்திருப்பது

போனுக்கு 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம். 2025 செப்டம்பரில் பெரிய டிவிக்கெல்லாம் குறைந்தது, போனுக்கு இல்லை.

வட்டியில்லா இஎம்ஐ

வட்டி எங்கேயும் போகவில்லை, அதே அளவுக்குத் தள்ளுபடி கொடுத்து ஈடு செய்கிறார்கள். கார்டில் போட்டால் அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலும் ஒரு பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாம்பழ சீசன் பணத்தை நம்பி மாதத் தவணை எடுப்பது வேண்டாம் என்று கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தனியாகவே சொல்வேன், வருமானம் வருடத்தில் இரண்டு மூன்று மாதம், தவணை பன்னிரண்டு மாதமும்.

தள்ளுபடியில் பழைய மாடல்

அப்டேட் எத்தனை வருடம் என்பது மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கு 7 வருடம் என்றார்கள், மலிவு மாடல்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூட வராது. இரண்டு வருடப் பழைய மாடலை 3,000 ரூபாய் குறைவாக வாங்கும்போது இரண்டு வருட அப்டேட்டையும் சேர்த்துத்தான் விடுகிறீர்கள்.

மடக்கும் போன்

தோட்டத்திலும் கிரானைட் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு வேண்டாம். தூசி.

பழைய போனை அன்றைக்கே கொடுத்துவிடுவது

காரிமங்கலத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். எக்ஸ்சேஞ்சில் பழைய போனைக் கொடுத்துவிட்டார், புது போனில் வாட்ஸ்அப் திறந்தால் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பேக்கப்தான் வருகிறது. அதற்குப் பிறகு அவருடைய அம்மா அனுப்பிய குரல் மெசேஜ்கள் எதுவும் இல்லை, அம்மாவும் இப்போது இல்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம் இதுதான்: ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கூகுள் டிரைவில் இடக் கணக்கில் சேராது, 2024இலிருந்து இலவச 15 ஜிபிக்குள் அதுவும் சேர்கிறது. போட்டோவாலேயே 15 ஜிபி நிரம்பியவர்களுக்கு பேக்கப் நின்றுவிடும், அறிவிப்பு வந்தாலும் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு போனும் கையில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் சாட்ஸ், அதில் டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் போய் க்யூஆர் ஸ்கேன் செய்து நேரடியாக மாற்றிவிடுங்கள், டிரைவ் தேவையே இல்லை. பழைய குரல் மெசேஜ் ஒன்றையாவது புது போனில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். புது போனில் யுபிஐ போட்டதும் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது, அதனால் மண்டிக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் போன் மாற்றாதீர்கள். பழைய போனை ஒரு வாரமாவது வீட்டில் சார்ஜோடு வைத்திருங்கள், எக்ஸ்சேஞ்ச் விலை 500 குறைந்தாலும் பரவாயில்லை. அதற்கு அப்புறம் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்து, சிம்மும் மெமரி கார்டும் எடுத்தாயிற்றா என்று டிரேயை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.