மரமேறும் கயிறோடு மலையகப் பயணம்: எங்கெல்லாம் சறுக்குகிறது

இலங்கையின் மலையகத்தில் சும்மா நிற்கிற மரம் என்று ஒன்று கிடையாது. தேயிலை மலையில் நிற்பது தோட்டக் கம்பனியின் கையில். காட்டில் நிற்பது அரசாங்கத்துக்குச் சொந்தம். கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் பலா, அதில் படரும் மிளகுக்கொடியோடு சேர்த்து ஒரு குடும்பத்தின் வருமானம். இதில் எதிலும் சேராத பெரிய மரமாகப் பார்த்துப் போனால் அடியில் ஒரு சூலமோ சிவப்புத் துணியோ இருக்கும். கயிற்றையும் கூடாரத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருகிறவை.

மரமேறுவது என்று இங்கே சொல்வது கித்துள் பனை சீவப் போகிறவர் ஏறுவதையோ, சின்ன வயதில் கொய்யா மரத்தில் தொங்கியதையோ அல்ல. எறிபை என்ற கனமான சிறு பையை மெல்லிய நூலில் கட்டி உயரமான கிளைக்கு மேலே எறிந்து, அந்த நூலைக்கொண்டு தடித்த கயிற்றை இழுத்துப் போட்டு, இடுப்பில் ஹார்னஸ் என்ற பட்டியும் தலையில் கவசமுமாகக் கயிற்றிலேயே ஏறி இறங்குவது. 1983இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார். மரம் வெட்டுகிறவர்களின் தொழில்நுட்பம் பொழுதுபோக்கு ஆனது அங்கிருந்துதான். ஏறத் தெரியாதவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஏறப் போக வேண்டாம். ஏற்கெனவே பழகியவர், அதை நடைப்பயணத்தோடு சேர்க்கும்போது சறுக்குகிற இடங்களைத்தான் சொல்கிறேன்.

சுமை

முதல் சறுக்கல் வீட்டிலேயே, பை கட்டும்போது நடக்கிறது. 11 மில்லிமீற்றர் கயிறு மீற்றருக்கு ஏறத்தாழ 80 கிராம். 45 மீற்றர் எடுத்தால் அதுவே மூன்றரைக் கிலோ. கயிற்றை இரட்டையாகப் போட்டு ஏறும் முறையில் அந்த நீளம் கொடுப்பது இருபது மீற்றர் உயரத்தைத்தான். ஹார்னஸ், தலைக்கவசம், கொளுக்கிகள், எறிபைகள் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோவைத் தொட்டுவிடும். கூடாரம், சோறு, தண்ணீர் அதற்கு மேலே.

பீக்கோ ட்ரெயில் என்ற நீண்ட நடைபாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் கண்டியிலிருந்து சுற்றிச் சுற்றி நுவரெலியா வரை போகிறது. அதில் நான்கைந்து கட்டம் நடக்கலாம் என்று வருகிறவர்கள், வழியில் நல்ல மரம் கண்டால் ஏறலாம் என்று இந்த ஏழு கிலோவையும் தூக்கிக்கொண்டு ஏற்றத்திலும் இறக்கத்திலும் முழங்காலை உடைத்துக்கொள்கிறார்கள். நல்ல மரம் கண்ணில் படும்போது அனுமதி இருக்காது. அனுமதி கிடைக்கும்போது மழை. கடைசியில் கயிறு பையை விட்டு வெளியே வராமலே ஊர் திரும்பும்.

மரத்தை முதலில் பிடித்துவிட்டு அதைச் சுற்றி நடையைப் போடுவதுதான் சரி. ஒரு வீட்டுத் தோட்டத்தையோ விடுதியையோ முன்கூட்டியே பேசிவைத்துக் கயிற்றுப் பையை அங்கேயே இறக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இலேசான பையோடு சுற்றிவிட்டு, ஓய்வு நாளில் காலையிலேயே ஏறுங்கள். பஸ்ஸும் ஓட்டோவும் போகாத ஊர் மலையகத்தில் குறைவு. எல்லாவற்றையும் முதுகில்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

பாரத்துக்குப் பயந்து மெல்லிய கயிறு வாங்குவது இதைவிட மோசம். ஹாட்வெயார் கடையில் முழக்கணக்கில் விற்கும் நைலோன் கயிறு ஆளைத் தாங்குவதற்குச் செய்தது அல்ல. பாறையேற்றத்துக்கான இழுபடும் கயிறும் இதற்குப் பொருந்தாது. ஏறுகிற ஒவ்வொரு அடியிலும் பாதியை அது விழுங்கிவிடும். EN 1891 A வகை என்ற ஐரோப்பியத் தரம் குறித்திருக்கும் இழுபடாத கயிறு வேண்டும். பாரத்தைக் குறைக்க வேண்டுமானால் நீளத்தைக் குறையுங்கள். 30 மீற்றரில் பன்னிரண்டு மீற்றர் மரம் ஏறலாம். அந்த உயரமே மேலே போனதும் போதும் என்று தோன்றும்.

யாரைக் கேட்பது

தோட்டத்தில் அனுமதி கொடுக்கக்கூடியவர் மேனேஜர், அதாவது தொரை. வழியில் கண்ட கங்காணியிடம் "ஏறலாமா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஏறுங்க" என்பார், பிறகு திட்டு வாங்குவதும் அவர்தான். அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கேட்கும்போது எந்த நம்பர் மலை (தேயிலைப் பகுதி), எந்த நாள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்களா, மருந்தடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். கீழே பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது மேலே எறிபை பறக்கக் கூடாது. முந்நூறு கிராம்தான், ஆனால் பதினைந்து மீற்றரிலிருந்து தலையில் விழுந்தால் முந்நூறு கிராம் என்று தெரியாது.

காட்டில் கதை வேறு. சிவனொளிபாதமலை வனம், ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. ஹோர்டன் சமவெளியில் குறித்த பாதையை விட்டு இறங்கவே கூடாது, மரம் ஏறுவது எங்கே? நுழைவுச்சீட்டு நடப்பதற்குத்தான். அதைவிட, அங்கே ஏறுவதற்கு மரமும் இல்லை. அந்த உயரத்தில் காற்றடித்து வளைந்து குட்டையாகிப்போன முகில்காட்டு மரங்கள் அவை. கிளை முழுக்கப் பாசியும் ஓர்க்கிட்டும் பன்னமும் மூடியிருக்கும். ஒரு தடவை கயிறு ஓடினால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது பாளமாக உரிந்து கீழே விழும். இதில் விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை: பாதுகாக்கப்பட்ட காட்டில் ஏறாதீர்கள்.

அரச மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தோட்டத்துச் சாமிகள் தெரியாது. மலைக்குள்ளே மரத்தடியில் இரண்டு கல், கொஞ்சம் குங்குமம், காய்ந்த மாலை இருந்தால் அது மாடசாமியோ முனியாண்டியோ கவ்வாத்துசாமியோ குடியிருக்கும் இடம். வேறு மரம் பாருங்கள்.

குளவி

மலையகத்துச் செய்திகளை வாசிக்கிறவர்களுக்குக் "குளவி கொட்டுக்கு இலக்காகி" என்ற வரி பழகிப்போயிருக்கும். கொழுந்து எடுக்கிறவர்கள் வைத்தியசாலைக்குப் போவதும், சிலர் திரும்பி வராததும் புதிதல்ல. குளவி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மலைத்தேனீதான். பெரிய மரத்தின் தடித்த கிளைக்கு அடியில், வெட்டவெளியில், ஒற்றைத் தட்டாகக் கூடு கட்டும். மரமேறுகிறவர் கயிறு போடத் தேடுவதும் அதே உயரத்தில் அதே தடித்த கிளையைத்தான். எறிபை கிளையைத் தாண்டி மறுபக்கம் கூட்டில் போய் விழுந்தால், நீங்கள் தரையில் நின்றாலும் தப்புவது கடினம். பாதி உயரத்தில் கயிற்றில் தொங்கினால் ஓட இடமே இல்லை.

ஆகவே எறிபையை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடமாவது மரத்தைச் சுற்றி வந்து தொலைநோக்கியால் பாருங்கள். வெறும் கண்ணுக்குக் கூடு, கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் கறுப்பு முறம் போலத் தெரியும், அசைவே இருக்காது. தொலைநோக்கியில் உற்றுப் பார்த்தால் அதன் மேல் ஓர் அலை ஓடுவது தெரியும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டுவதால் வருகிற மினுக்கம் அது. பறவையோ வண்டோ நெருங்கினால் அலை பெரிதாகும். அதைக் கண்டால் அந்த மரம் மட்டுமல்ல, பக்கத்து மரங்களும் வேண்டாம். மலைத்தேனீ பல கூடுகளைப் பக்கம் பக்கமாகவே கட்டும். அது பருவத்துக்கு வந்து பருவத்துக்குப் போகிற பூச்சி, அதனால் போன தடவை சும்மா இருந்த மரம் இந்தத் தடவையும் சும்மா இருக்கும் என்று நம்பவும் முடியாது.

பார்த்துவிட்டும் கேளுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஆட்களுக்கு எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது மனப்பாடம். "அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, பருந்து வந்து கொத்திட்டுப் போயிருக்கு" என்று ஓர் அம்மா சொன்னால், தொலைநோக்கியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கயிற்றைச் சுருட்டுங்கள். பருந்து கலைத்த கூடு மணிக்கணக்கில் அடங்காது.

இதற்காகவே சிலர் கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் இறக்குகருவியோடு கட்டி, கீழே நிற்பவர் ஏறுகிறவரை இறக்கக்கூடிய மாதிரி அமைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படிக் கட்டும்போது மேல் கிளைக்கு விழும் பாரம் ஏறுகிறவரின் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. இறக்குவதற்கு மிச்சக் கயிறும் வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் பழைய கிளையையே நம்புவது புதுத் தவறு.

எந்த மரம்

மலையகத்தில் கண்ணில் படும் உயர்ந்த மரங்களில் அதிகமானவை ஏறுவதற்கு ஆகாதவை. தேயிலைக்கு நிழலாக வைத்த சில்வர் ஓக் நேராக, அழகாக நிற்கும். கிளையோ பலவீனம், கவட்டில் முறியும். அல்பீசியா அதைவிட மோசம், வேகமாக வளர்ந்து காற்றில்லாத நாளிலும் கிளையைப் போடும். முள்முருங்கைக்கு முள்ளும் உண்டு, மென்மையான கட்டையும் உண்டு. யூக்கலிப்டஸ் பெரிய கிளைகளை முன்னறிவிப்பில்லாமல் உதிர்க்கும், முதல் கிளையே எட்டாத உயரத்தில் இருக்கும். பைனில் பிசினும் காய்ந்த கிளைகளும்தான்.

பலாவும் மாவும்தான் என் தேர்வு. கட்டை உறுதி, கிளை தாழ்விலிருந்தே பிரியும், வீட்டுத் தோட்டத்தில் நிற்பதால் அனுமதி கேட்க ஓர் ஆளும் பக்கத்தில் இருப்பார். மிளகு படர்ந்த மரத்தைத் தவிருங்கள். கொடி பிய்ந்தால் "பரவாயில்லை மகன்" என்பார்கள், ஆனால் பரவாயில்லாமல் இல்லை.

கயிறு போடும் கிளை உயிருள்ளதாகவும், அடிமரத்தோடு சேர்கிற இடத்தில் ஆறு அங்குலமாவது தடிப்பாகவும் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பாருங்கள். சாய்வில் நிற்கும் மரமானால் அடியையும் பாருங்கள். மேல்பக்கத்து மண்ணில் வெடிப்பு, தூக்கிய வேர், ஒரே திசைக்குச் சாய்ந்த பக்கத்து மரங்கள் எல்லாம் நிலம் நகர்வதன் அடையாளம். கொஸ்லந்த மீரியபெத்தவில் 2014 ஒக்டோபரில் மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போன நாட்டில் ஒரு மரத்தின் வேரை நம்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் எறிநூல் அதன் மேல் விழக்கூடிய தூரத்தில் நிற்கவே வேண்டாம்.

மழையும் களைப்பும்

"மலையகத்துக்கு எப்போது போகலாம்?" என்பதற்கு ஒரே பதில் இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் ஊவாப் பக்கம் வரண்டிருக்கும், ஆனால் ஹப்புத்தளையில் அடிக்கிற காற்றில் மரமேறுவது விளையாட்டல்ல. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கம் மழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் ஏமாற்றும், மத்தியானத்துக்குப் பிறகு இடி. அந்த மாதங்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் மரத்தில் இருக்கக் கூடாது. இடி கேட்டால் இறங்கி, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மரத்தை விட்டுத் தள்ளியே இருங்கள்.

பதினைந்து கிலோமீற்றர் நடந்துவிட்டு, பின்னேரம் வெளிச்சம் இருக்கிறதே என்று ஏறுவதும் வழக்கமான தவறு. களைத்த கை முடிச்சைக் கட்டும், களைத்த கண் அதைச் சரிபார்க்காது. ஏறுகிறவரைக் கயிற்றில் பிடித்து நிறுத்தும் பிளேக் முடிச்சு, ஈரக்கயிற்றில் ஒரு நேரம் இறுகி நிற்கும், ஒரு நேரம் வழுக்கும். அட்டைக்கடிக்காகச் சித்தாலேப தைலம் பூசிய கையோடு கயிற்றைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் ஏறவும் இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மயங்கி ஹார்னஸில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களுக்குள் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அது வருவது பாதை வரைக்கும்தான். மரத்திலிருந்து இறக்குவதும், மலையிலிருந்து பாதைக்குத் தூக்கிவருவதும் உங்கள் வேலை. போன் எந்த மேட்டில் எடுக்கும் என்பதைக் கயிறு போடுவதற்கு முன் பார்த்து வையுங்கள்.

மரத்திலேயே தூளி கட்டித் தூங்கும் ஆசை பலருக்கு உண்டு. முதல் பயணத்தில் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இரவுக் குளிர் தூளியின் அடிப்பக்கமாக ஏறும். தூங்கும்போதும் ஹார்னஸைக் கழற்ற முடியாது. மலைத்தேனீ இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும் என்பதால் தலைவிளக்கையும் நினைத்தபடி எரிக்க முடியாது.

இறங்கிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, கயிறு. மூடுபனியில் அது தானாகக் காயாது. லயத்து வீட்டில் தங்கினால் "அடுப்புக்கு மேல போடுங்க, விடிய முன்னாடி காஞ்சிடும்" என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு வாசலில் நிழலான இடத்தில் கொடி கட்டுங்கள், சூடு நைலோனின் பலத்தைத் தின்றுவிடும். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே விட்டு உருவிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ கட்டியாகவோ தட்டுப்பட்டால், அது முனைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் அந்தக் கயிறு இனிப் பொதி கட்டத்தான்.