லானுக்கு மேல்மண் போடறது எப்படி: ஒரு யூனிட் மண்ணை மொத்தமா கொட்டினவன் சொல்றேன்

எங்க வீடு கோயமுத்தூர்ல, முன்னாடி ஒரு 400 சதுர அடிக்கு கொரியன் புல்லு இருக்கு. போட்டு நாலஞ்சு வருஷம் ஆனதும் அங்கங்க குழி விழுந்து, தண்ணி விட்டா ஒரு பக்கம் தேங்கி இன்னொரு பக்கம் காஞ்சு போயி பார்க்கவே நல்லா இல்ல, தோட்டக்காரர் வந்து பார்த்துட்டு மேல மண்ணு போட்டா சரியாயிடும் சார்னாரு. அவர் சொன்னது தப்பில்ல. நான் போன் பண்ணி ஒரு யூனிட் செம்மண் சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. ஒரு யூனிட்னா 100 கன அடி, அதை 400 சதுர அடில பரப்பினா 3 இன்ச் உயரம் வரும், இந்த கணக்கை அன்னைக்கு அவரும் போடல நானும் போடல, வாசல்ல மண்ணு குவிஞ்சு கிடக்கு வண்டி எடுக்க முடியலன்னு மொத்தத்தையும் புல்லு மேலயே பரப்பி விட்டாச்சு.

அப்புறம் என்ன, 3 இன்ச் மண்ணுக்கு அடியில வெளிச்சமே இல்லாம புல்லு மஞ்சளாகி பாதி அழுகிப் போச்சு, பதினஞ்சாவது நாள் பச்சையா முளைச்சு வந்ததைப் பார்த்து சந்தோஷப்பட்டா அது பூரா கோரை. ஐப்பசி மழைல இன்னொரு கூத்து, லான் நடைபாதையை விட மேல ஏறிட்டதால செந்தண்ணி நேரா போர்டிகோவுக்குள்ள வந்துச்சு. வீட்ல எனக்கு கிடைச்ச அர்ச்சனை தனிக்கதை.

அதனால முதல்ல அளவு. மேல்மண்ணுங்கிறது கால் இன்ச்தான், ரொம்ப போனா அரை இன்ச், அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். போட்டு முடிச்சதும் பார்த்தா புல்லோட நுனி மண்ணுக்கு மேல தெரியணும், தெரியலன்னா அதிகமா போட்டுட்டீங்கன்னு அர்த்தம். 400 சதுர அடிக்கு கால் இன்ச்னா சுமாரா 8 கன அடி மண்ணு போதும், ஒரு காலி சிமெண்ட் சாக்குல ஒண்ணேகால் கன அடி பிடிக்கும், ஆக ஏழு சாக்கு. அவ்வளவுதாங்க. 1000 சதுர அடி இருந்தாக்கூட 17 சாக்குதான் ஆகும், குட்டி யானைல ஒரே நடையில வந்துடும். டிராக்டர்ல இறக்கினா நம்ம கை சும்மா இருக்காது, மிச்சத்தையும் போட்டுடலாமேன்னு தோணும், அதனால சாக்கு கணக்குலயே வாங்குங்க.

இந்த கால் இன்ச் மண்ணு அப்படி என்ன பண்ணும்னா, கொரியன் புல்லு பக்கவாட்டுல ஓடி ஓடி வளர்ற ஜாதி, பழைய தண்டும் வேரும் மக்காம அடியில ஒரு அடை மாதிரி சேர்ந்துட்டே வரும், நடந்தா மெத்தை மாதிரி அமுங்கும். அந்த அடை தடிச்சுட்டா தண்ணி மண்ணுக்கு இறங்காது, வேரும் மண்ணுக்குப் போகாம அடைக்குள்ளயே நின்னுடும், அப்புறம் வெயில்ல ரெண்டு நாள் தண்ணி இல்லன்னாலே காஞ்சிடும். சலிச்ச மண்ணு அந்த அடைக்குள்ள இறங்கினா மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் அதை மக்க வைக்கும், தண்டுல இருந்து புது வேர் விடும், சின்னச் சின்ன மேடு பள்ளமும் சமமாகும். ஆனா மாமரத்து நிழல்ல வெயிலே படாம புல்லு மெலிஞ்சு போயிருக்குன்னா அதுக்கு மண்ணு மருந்து இல்ல, கிளையை கழிச்சு விடுங்க.

இப்ப என்ன மண்ணுங்கிற விஷயம், இதுலதான் நிறைய பேரு கோட்டை விடறாங்க. யூட்யூப்ல வெள்ளை மணலை லோடு லோடா கொட்டி இழுக்கற வீடியோ பார்த்துட்டு வெறும் மணலைப் போடாதீங்க, கால்ஃப் கிரவுண்டுல அந்த புல்தரைக்கு அடியிலயே ஒரு அடிக்கு மணல்தான் இருக்கும் அதனால அவங்க மேலயும் மணல் போடறாங்க. நம்ம வீட்ல அடியில இருக்கிறது என்னவோ அதுக்கு ஒத்த மண்ணுதான் மேல வரணும், இல்லன்னா கேக் மாதிரி லேயர் லேயரா நின்னு தண்ணி ஒரு லேயர்ல இருந்து இன்னொண்ணுக்கு இறங்க யோசிக்கும். உங்க மண்ணு என்னன்னு தெரியணும்னா ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதிக்கு மண்ணைப் போட்டு தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வெச்சுடுங்க, ரெண்டு நிமிஷத்துல அடியில படியறது மணல், ரெண்டு மணி நேரத்துல அதுக்கு மேல படியறது வண்டல், மறுநாள் வரைக்கும் தண்ணியைக் கலங்கலா வெச்சிருக்கறது களி. வாங்கப் போற மண்ணையும் இதே மாதிரி போட்டு ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா புரிஞ்சிடும்.

எங்களுது செம்மண்ணு, அதனால ஏழு சாக்குல மூணு செம்மண், ரெண்டு ஆத்து மணல், ரெண்டு மண்புழு உரம்னு கலந்துக்கறேன். ஆத்து மணல் கிடைக்கலன்னா கழுவின எம் சாண்ட் போடலாம், கழுவாததுல கல்லுமாவு நிறைய இருக்கும், தண்ணி பட்டு காஞ்சா தோசைக்கல்லு மாதிரி இறுகிடும். கடற்கரை மணல் உப்பு, கிட்ட கொண்டு வராதீங்க. அடியில கரிசல் இருக்கிறவங்க மணலை மறந்துட்டு நல்லா மக்கின தொழு உரத்தை மட்டும் சலிச்சு கால் இன்ச் போடுங்க, வருஷா வருஷம் போட போட கரிசல் கொஞ்சம் இளகி வரும்.

சாணி எருன்னா மக்கினதுதான், மோந்து பார்த்தா சாணி வாசம் வரக்கூடாது மண்ணு வாசம் வரணும். அரைகுறையா மக்கினதுல வண்டு முட்டை வெச்சிருக்கும், அரை வட்டமா சுருண்டு கிடக்கிற வெள்ளைப் புழு ஒண்ணு கண்ணுல பட்டாலும் அந்த எரு வேண்டாம், அது லானுக்குள்ள போனா வேரைத் தின்னுட்டு புல்லைப் பாய் மாதிரி கையில எடுக்க வெச்சிடும். கோரைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, நான் பட்டு கத்துக்கிட்டது, வாங்கற இடத்துல ரெண்டு கை மண்ணு வாங்கிட்டு வந்து ஒரு தட்டுல பரப்பி தினமும் தண்ணி தெளிச்சு ரெண்டு வாரம் வைங்க, கோரை எட்டிப் பார்த்தா வேற இடம் பாருங்க. கோரைக்கிழங்கு ஒருதரம் லானுக்குள்ள வந்துட்டா நம்ம பேரன் காலத்துலயும் புடுங்கிட்டு இருக்கணும்.

நேரம்னு பார்த்தா புல்லு வேகமா வளர்ற நேரமா இருக்கணும், ஏன்னா மண்ணுக்குள்ள இருந்து அது மேல ஏறி வரணும்ல. எங்க ஊருக்கு ஜூன் கடைசி ஜூலைல சாரல் பிடிக்கும்போது போட்டா அருமையா இருக்கும், இல்லன்னா பனி முடிஞ்சு மாசி மாசம். கத்திரி வெயில்ல வேண்டாம், அக்டோபர் நவம்பர்ல போட்டா போட்ட மண்ணு பூரா சாக்கடைக்குத்தான் போகும்.

போடறதுக்கு முந்தின நாள் லானுக்கு நல்லா தண்ணி விட்டுடுங்க. மறுநாள் காலைல புல்லை ஒரு இன்ச் உயரத்துக்கு வெட்டிடுங்க, ரொம்ப பொம்மிப்போன புல்லுன்னா ஒரே நாள்ல வெட்டாம பத்து நாள் இடைவெளில ரெண்டு தடவையா வெட்டணும், இல்லன்னா பச்சை மொத்தமும் போயி பிரவுனா நிக்கும். வெட்டினதையும் அடையையும் ரேக் போட்டு நல்லா வாரி எடுங்க, நீங்களே பயப்படற அளவுக்கு சருகு வரும், பரவால்ல. அதுக்கப்புறம் கார்டன் ஃபோர்க்கை எடுத்து அஞ்சாறு இன்ச்சுக்கு ஒரு குத்து, 3 இன்ச் ஆழம் போற மாதிரி குத்தி லேசா ஆட்டி எடுக்கணும். முதுகு விட்டுப் போற வேலை இதுதான், இதை விட்டுட்டு மண்ணை மட்டும் போட்டா பாதிப் பலன் கூட கிடையாது, மண்ணு அந்த ஓட்டைக்குள்ள இறங்கறதுலதான் விஷயமே இருக்கு.

தூவப் போற மண்ணு ஈரமில்லாம காஞ்சு இருக்கணும், மணல் சலிக்கிற சல்லடைல எல்லாத்தையும் சலிச்சுடுங்க, கல்லு ஒண்ணு போனாலும் மெஷின் பிளேடுக்கு வேலை வெச்சிடும். ஏழு சாக்கையும் ஒரே இடத்துல கொட்டாம லானைக் கயிறு கட்டி ஏழு பாகமா பிரிச்சு பாகத்துக்கு ஒரு சாக்குன்னு வெச்சுக்கோங்க, அளவு தானா சரியா வரும். சட்டில அள்ளி கோழிக்கு தானியம் வீசற மாதிரி வீசித் தூவுங்க, அப்புறம் ரேக்கைத் திருப்பிப் பிடிச்சு முதுகுப் பக்கத்தால முன்ன பின்ன தள்ளுங்க. கடைசியா வாசல்ல போடற தேங்காநார் மிதியடி இருக்குல்ல, பழசா ஒண்ணு எடுத்து ரெண்டு மூலைல கயிறு கட்டி மேல ஒரு செங்கல்லை வெச்சு லான் பூரா இழுத்தா மண்ணு மேட்டுல நிக்காம பள்ளத்துக்குப் போயிடும். மிதியடி இல்லன்னா சீமாறே போதும்.

பள்ளம் எங்க இருக்குன்னு முன்னாடியே தண்ணி விட்டுப் பார்த்து கல்லு கோலப்பொடியால வட்டம் போட்டு வெச்சுக்கோங்க, அரிசி மாவுன்னா எறும்பு வட்டத்தையே தூக்கிட்டுப் போயிடும். அரை இன்ச் வரைக்கும் உள்ள பள்ளத்தை அப்பவே நிரப்பலாம், ஒரு இன்ச்னா இப்ப பாதி, புல்லு மேல ஏறி வந்ததும் ரெண்டு மாசம் கழிச்சு மீதி. ரெண்டு இன்ச்சுக்கு மேல குழின்னா அந்த இடத்துப் புல்லை மண்வெட்டியால பாய் மாதிரி சீவி எடுத்து, அடியில மண்ணு போட்டு அமுக்கி, திரும்ப அதே புல்லை மேல வெச்சு மிதிச்சு விடுங்க. மட்டம் பார்க்கும்போது வாட்டம் வீட்டுச் சுவரை விட்டு வெளிப்பக்கமா இருக்கான்னும் பாருங்க, என் போர்டிகோ கதை ஞாபகம் இருக்கட்டும்.

முடிச்ச கையோட தண்ணி, பூவாளியாலயோ ஸ்பிரே வெச்ச ஹோஸாலயோ மெதுவா, வெறும் ஹோஸை நீட்டிப் பீச்சினா இவ்வளவு நேரம் பண்ணின மட்டம் எல்லாம் கரைஞ்சிடும். முதல் ஒரு வாரம் காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் கொஞ்சமா விடுங்க, அப்புறம் பழையபடி. ஒரு வாரம் கழிச்சு 100 சதுர மீட்டருக்கு 1 கிலோ யூரியா கணக்கு, அதாவது நம்ம 400 சதுர அடிக்கு சுமாரா 370 கிராம், சாயங்காலமா தூவி உடனே தண்ணி விட்டுடணும், இலை மேல தங்கினா கருகும். பத்து நாளைக்கு யாரும் மிதிக்காம பார்த்துக்கோங்க, எங்க வீட்டு நாய்க்கு இதைப் புரிய வைக்க முடியல, புது மண்ணைக் கண்டா படுத்துப் புரளணும் அதுக்கு. மூணு வாரத்துல புல்லு மண்ணை மறைச்சிடும், அப்ப முதல் வெட்டு, பிளேடைக் கொஞ்சம் உயர்த்தி வெச்சு.

அரை சாக்கு மண்ணு கலந்தது மிச்சம் இருந்தா அதைத் தூக்கி லான்ல போட்டுடாதீங்க, மழை படாத இடத்துல கட்டி வைங்க, நடுவுல எலி தோண்டின இடம், கார் டயர் ஏறின இடம்னு ஏதாவது ஒண்ணு வந்துட்டேதான் இருக்கும்.