கும்பகோணத்தில் புதுப்பித்த பழைய வீடு: வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோயில் வீதியை ஒட்டி ஒரு தனி வீடு, முற்றம் வைத்தது, புதுசாகப் பெயிண்ட் அடித்து விலைக்கு வந்திருக்கிறது என்றால் போதும், முதல் தடவை வீடு பார்க்க வருகிறவர்கள் அன்றைக்கே அட்வான்ஸ் பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் ரிப்பேர் வேலை எடுத்துச் செய்கிற என்னை வாங்கி முடித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது, தாய்ப் பத்திரம் கேட்பது எல்லாம் உங்கள் வக்கீல் சொல்லிவிடுவார், அதை விட்டுவிடுகிறேன்.

கோடையில் பார்த்துவிட்டு வாங்குவது

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே வந்துவிடும். அந்தக் காலத்து வீடுகள் சின்னச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியவை, ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் சுவர் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை அந்த ஈரம் வெளியே காய்ந்துவிடும். புதுப்பிக்கிறேன் என்று அதைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுகிறது, கூடவே உப்பும் ஏறுகிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் விற்பதற்காகப் புதுப்பிக்கிறவர்கள் சிமெண்ட் மூட்டையோடுதான் வந்து நிற்கிறார்கள், எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி மே மாதத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ், பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் டைல்ஸுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் வெள்ளையாக உப்பு ஒட்டியது. இரண்டு டைல்ஸைப் பெயர்த்தோம். உள்ளே செங்கல் நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது, பக்கத்தில் இருந்த கதவு நிலையின் அடியில் கரையான். பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, ஒரு கோடை சுவரை ஆறவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டியதாயிற்று. டைல்ஸ் போட்ட காசு, பெயர்த்த காசு, திரும்பப் பூசிய காசு மூன்றும் அவர்கள் தலையில்தான்.

கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் போய்ப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சுவர் டைல்ஸை ஒரு ரூபாய்க் காசால் வரிசையாகத் தட்டுங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் பிடிப்பு விட்டிருக்கிறது. பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். கீழே இருக்கிற சுவிட்ச் பெட்டியின் திருகாணி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாடிப்படிக்கு அடியிலும் கொல்லைப்பக்கமும் யாரும் செலவு செய்திருக்க மாட்டார்கள், சுவரின் நிஜ நிலைமை அங்கேதான் தெரியும்.

அடிமனை யாருடையது என்று கேட்காதது

இந்த ஊரில் பல வீடுகளில் கட்டடம் மட்டும்தான் விற்கிறவருடையது. மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம், மனைக்கு வாடகை கட்டி வருவார்கள். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி செல்லாது. பத்திரத்தில் ‘கட்டுமானம் மட்டும்’ என்று ஒரு வரி இருந்தால், அப்படிப்பட்ட வீட்டுக்கு மனையையும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

தெருவைவிடத் தாழ்ந்த வாசல்

வேண்டாம்.

பொதுச் சுவர்

பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் புதுசாக மாடி எழுப்பியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினாரா என்று விற்கிறவரைக் கேளுங்கள்.

முற்றத்தை மூடிய வீடு

மேலே ஷீட் போட்டு மூடியிருந்தால் வீட்டுக்குள் காற்றோட்டம் போச்சு, சுவர் காய்வதும் போச்சு. கழற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு விலையில் கழியுங்கள்.

‘எல்லாம் நடக்கிற தூரம்’

உண்மைதான். வண்டியே எடுக்காமல் கடைத்தெரு, கோயில், டாக்டர் எல்லாம் முடித்துவிடலாம், வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்கால நெரிசலில் உங்கள் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். மகாமகக் குளத்துப் பக்கம் வாங்குவதாக இருந்தால் 2028-இல் மகாமகம் வருகிறது, அந்த நாட்களில் வண்டி உள்ளே வருமா, காரை எங்கே நிறுத்துவது என்று 2016-இல் அங்கே குடியிருந்தவர்களிடம் விசாரித்துவிடுங்கள்.