லீடர் ஆகணும்னா ப்ரமோஷனுக்கு முன்னாடியே ஆரம்பிங்க

பதவி வந்தப்புறம் லீடர்ஷிப் கத்துக்கலாம்னு உக்காந்திருந்தா பதவியே வராது, அதனால இப்ப இருக்கற சீட்லயே ஆரம்பிங்க. யாரும் தொடாம கெடக்கற ஒரு வேலைய, புதுசா சேர்றவங்களுக்கு ட்ரெயினிங் நோட் எழுதறது மாதிரி, நானே பாத்துக்கறேன்னு எடுத்து முழுசா முடிச்சுக் காட்டுங்க.

அடுத்தது வேலைய பிரிச்சுக் குடுக்கறது, நெறைய பேர் சறுக்கறது இங்கதான். "இத கொஞ்சம் பாருங்க"ன்னு பொதுவா சொன்னா ஒண்ணும் நடக்காது. "வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கஸ்டமர் கம்ப்ளெயின்ட் லிஸ்ட் வேணும், எது அவசரம்னு நீங்களே முடிவு பண்ணுங்க, புதன்கிழமை ஒரு தடவ பேசிக்கலாம்"னு சொல்லிப் பாருங்க, என்ன வேணும் எப்ப வேணும் முடிவு யார் கையில எல்லாமே தெளிவாயிடும், அப்புறம் நடுவுல போயி நோண்டாதீங்க (இதுதான் ரொம்ப கஷ்டம்!).

தப்பு நடந்தா தனியா கூப்பிட்டு நடந்தத மட்டும் பேசுங்க. "நீ எப்பவுமே லேட்டு"ன்னா சண்டைதான் வரும், "நேத்து ரிப்போர்ட் லேட்டா வந்துச்சு, கிளையண்டுக்கு பதில் சொல்ல முடியல, என்னாச்சு?"ன்னு கேட்டா விஷயம் வெளிய வரும். பாராட்டு எல்லார் முன்னாடியும்.

மீட்டிங்ல நீங்க கடைசியா பேசுங்க, இல்லன்னா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

அப்புறம் மேனேஜர்கிட்ட "அடுத்த லெவலுக்கு எங்கிட்ட என்ன கொறையுது"ன்னு நேராவே கேட்டு, சொன்னத எழுதி வச்சுக்கிட்டு, மூணு மாசம் கழிச்சு அந்த லிஸ்ட்டோடயே போயி திரும்ப பேசுங்க.