ஸ்கேட் பிளேடுக்கு ஒரு உறை போதாது: வாங்குவதிலிருந்து துடைப்பது வரை

என் ஐஸ் ஸ்கேட் பிளேடுகளைச் சாணை பிடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இடது காலை விளிம்பில் சாய்த்தால் பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிளேடைப் பார்ப்பதற்கு முன்னால் உறையைத்தான் கையில் எடுத்தார். கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். பழுப்பு நிறத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது, கூடவே கடுகைவிடச் சின்னதாக நாலைந்து மணல்.

"ராத்திரி முழுக்க இதுக்குள்ளேயா வெச்சிருந்தீங்க?"

ஆமாம். பயிற்சி முடிந்ததும் பிளேடை ஒரு தடவை துடைப்பேன், பிளாஸ்டிக் உறையை மாட்டுவேன், பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவேன். அவர் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்கம் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் வரிசையாக இருந்தன. பிளேடைக் காப்பாற்றத்தான் அந்த உறையை வாங்கினேன், துரு பிடித்ததோ அதற்குள்தான். புதிதாக ஸ்கேட் வாங்கியிருக்கிறவர்களுக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இரண்டு உறை, இரண்டு வேலை

பனியை விட்டு வெளியே நடக்கும்போது மாட்டுவது கெட்டி உறை. பிளாஸ்டிக்கிலோ கெட்டி ரப்பரிலோ செய்திருப்பார்கள். கடையில் 'ஹார்ட் கார்டு' என்று கேளுங்கள். துடைத்து முடித்தபின் பைக்குள் வைக்கும்போது மாட்டுவது துணி உறை. உள்பக்கம் டவல் துணி, வாய்ப்பக்கம் எலாஸ்டிக். இதை 'சோக்கர்' என்பார்கள். துணி உறையோடு நடக்கக் கூடாது. கெட்டி உறையோடு ஸ்கேட்டைத் தூங்கவைக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஏன் இத்தனை கவனம் என்றால், பிளேடின் அடிப்பாகம் தட்டை இல்லை. ஃபிகர் ஸ்கேட் (பனியில் சுழன்று, குதித்து ஆடுவதற்கானது) பிளேடு சுமார் 4 மி.மீ. தடிமன், ஐஸ் ஹாக்கி ஸ்கேட் பிளேடு சுமார் 3 மி.மீ. அந்தச் சின்ன அகலத்துக்குள் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரண்டு கரைகளும்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். நாம் திரும்புவது, நிற்பது, சாய்வது எல்லாம் அந்தக் கரைகளின் கூர்மையை நம்பித்தான். சிமென்ட் தரையிலோ கதவடியில் இருக்கும் உலோகப் பட்டையிலோ ஒரே ஒரு அடி வைத்தால் போதும், கரையில் சின்ன வெட்டு விழுந்துவிடும். அதைச் சரிசெய்யச் சாணை பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சாணைக்கும் கொஞ்சம் எஃகு தேய்ந்துபோகிறது, அது திரும்பி வராது.

ரிங்க்கை, அதாவது பனித்தளத்தை, சுற்றி ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்களே, அதில் உறை இல்லாமல் நடக்கலாமா? ரப்பர் ஒன்றும் செய்யாது. ஆனால் வெளியிலிருந்து வரும் செருப்புகள் கொண்டுவந்த மணல் அதில் புதைந்திருக்கும். நான் நாலு அடி தூரத்துக்கும் உறை மாட்டுகிற கட்சி.

எந்த உறை

ஃபிகர் ஸ்கேட்டுக்கு உறை வாங்கும்போது முன்பக்கம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளேடின் நுனியில் இருக்கும் பற்கள் உள்ளே உட்கார வேண்டும். ஹாக்கி பிளேடுக்குப் பற்கள் கிடையாது, முன்னும் பின்னும் வளைந்திருக்கும், அதனால் உறையின் வடிவமும் வேறு. ஸ்பீட் ஸ்கேட் பிளேடு மிக நீளம், மிக மெல்லியது. அதற்கென்றே செய்த உறையைத்தான் வாங்க வேண்டும்.

அடிப்பக்கத்தில் வரிவரியாகப் பிடிப்பு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஈரத் தரையில் வழவழப்பான பிளாஸ்டிக் நம்மைத் தள்ளிவிடும். உறையின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் துளை இருக்கிறதே என்று ராத்திரி அதிலேயே விட்டுவிடாதீர்கள். துணி உறையைப் பொறுத்தவரை, வெளியே பளபளவென்று பஞ்சு பொம்மை மாதிரி இருப்பதைவிட, உள்ளே கெட்டியான டவல் துணி இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அடிப்பக்கத்தில் இரட்டைத் தையல் இருந்தால் விளிம்பு சீக்கிரம் கிழிக்காது.

அளந்து வெட்டுவது

பல கெட்டி உறைகள் ஒரே நீளத்தில்தான் வரும். நாம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையது இரண்டு துண்டு. நீளமான முன்துண்டு, குதிகாலைக் கவ்வும் சின்னப் பின்துண்டு, நடுவில் ஒரு ஸ்பிரிங். முன்துண்டின் பின்முனையில் வெட்டுவதற்குக் கோடுகள் போட்டிருந்தார்கள்.

காலணி அளவைப் பார்த்து வெட்டாதீர்கள். ஃபிகர் ஸ்கேட்டில் பிளேடின் வால் குதிகாலைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். பிளேடின் நுனியிலிருந்து வால் வரை அளக்க வேண்டும். முன்துண்டை முதலில் பிளேடில் மாட்டி, நுனி நன்றாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்துவிட்டு, பின்துண்டை இழுத்துப் பாருங்கள். வாலைத் தாண்டிப் போய் ஆடுகிறதா? அப்படியென்றால் வெட்ட வேண்டும். ஒரே ஒரு கோடு மட்டும் வெட்டுங்கள். ஹேக்சா போதும், கத்தி வேண்டாம், வழுக்கும். வெட்டியதும் மறுபடி மாட்டிப் பாருங்கள். பின்துண்டை வாலில் மாட்டும்போது ஸ்பிரிங் லேசாக இழுபட வேண்டும். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் உறை விழக் கூடாது. அதுதான் சரியான அளவு. அதிகமாக வெட்டிவிட்டால் இரண்டு துண்டுக்கும் நடுவில் பிளேடு வெளியே தெரியும். ஒட்டவைக்க வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பிளாஸ்டிக் தூள் போகக் கழுவிக் காயவையுங்கள்.

துடைப்பது

நான் தவறியது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பனியை விட்டு வந்ததும் பிளேடில் ஒட்டியிருக்கும் பனித்தூளைத் துடைக்கிறோம். உலர்ந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் பிளேடு இன்னும் சில்லென்று இருக்கிறது. உடைமாற்றும் அறையின் காற்று சூடு. குளிர்ந்த தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, பிளேடும் அப்படியே வியர்க்கும். உங்கள் கண்முன்னால், துடைத்த ஐந்தாவது நிமிடம், எஃகின் மேல் மங்கலாக ஒரு பனிமூட்டம் படியும். விரலால் தொட்டால் கோடு விழும். இந்த இரண்டாவது ஈரத்தோடுதான் நான் உறையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் இரண்டு தடவை துடையுங்கள். காலணியைக் கழற்றியதும் ஒரு தடவை. அப்புறம் உடை மாற்றி, தண்ணீர் குடித்து, எல்லாம் எடுத்துவைத்து, கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை. பக்கவாட்டைத் துடைத்தால் மட்டும் போதாது. துணியை மடித்து அடிப்பள்ளத்துக்குள் ஓட்டுங்கள். பிளேடு காலணித் தோலோடு சேரும் இடம், ஸ்க்ரூ தலைகள், நுனிப் பற்களின் இடுக்கு, இங்கெல்லாம் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். நான் இரண்டு துணி வைத்திருக்கிறேன்: முதல் தடவைக்குப் பழைய டவல், இரண்டாவது தடவைக்கு மைக்ரோஃபைபர்.

பளபளவென்று குரோம் பூசியிருக்கிறதே, துருப்பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டில் விளிம்பை ஒட்டி, மங்கலான ஒரு பட்டை நீளமாக ஓடுவதைப் பாருங்கள். அங்கே குரோமை வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள். அடிப்பள்ளத்திலும் பூச்சு இல்லை. கூர்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் எஃகு வெறுமையாக இருக்கிறது, துருவும் அங்கேதான் தொடங்குகிறது.

துடைத்தபின் துணி உறை. வீட்டுக்கு வந்ததும் அதையும் கழற்றி, ஸ்கேட்டை வெளியே காற்றாட வையுங்கள். உறையையும் காயப்போடுங்கள், ஈரமான துணி உறைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் வித்தியாசம் கிடையாது. மாதக்கணக்கில் ஸ்கேட் செய்யப் போவதில்லை என்றால் பிளேடில் மெல்லியதாக இயந்திர எண்ணெய் தடவி வையுங்கள். மறுபடி பனிக்குப் போகும் முன் அதை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

கெட்டி உறையை ஒவ்வொரு தடவையும் மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே ஒரு மணல் இருந்தாலும் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது விளிம்பை அரைக்கும். வாரம் ஒரு முறை குழாயடியில் கழுவுகிறேன்.

பனியில் இறங்கும் முன்

உறையோடு பனியில் கால் வைத்தால் கீழே விழுவது நிச்சயம், அதுவும் மல்லாக்க. பிளாஸ்டிக்குக்குப் பனியில் துளிப் பிடிப்பும் இல்லை. வாசல் தடுப்பில் ஒரு கையை ஊன்றி, ஒரு உறையைக் கழற்றி, அந்தக் காலைப் பனியில் வைத்து, அப்புறம் அடுத்தது. எப்போதும் இதே வரிசை. பளிச்சென்ற நிறத்தில் உறை வாங்கச் சொல்வதும் இதற்குத்தான். காலடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் கண் தவறவிடாது.

பின்சேர்க்கை: இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், ஏற்கெனவே துரு வந்துவிட்டது, என்ன செய்வது என்று. பக்கவாட்டில் மேலாக இருக்கும் செம்மை துருவைத் தேய்த்தெடுக்கும் மென்மையான அழிப்பான் கல்லிலோ உலர்ந்த துணியிலோ போய்விடும். விளிம்பில் இருந்தால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கரை மழுங்கிவிடும். சாணை பிடிப்பவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று: ஹாக்கி ஸ்கேட்டில் பிளேடைத் தனியாகக் கழற்றும் வசதி உள்ளவர்கள் அவ்வப்போது கழற்றிப் பாருங்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிளேடு செருகும் பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் தண்ணீர் தங்கி, மேல்விளிம்பு முழுக்கத் துரு பிடித்திருந்ததாம், வெளியே துளியும் தெரியவில்லையாம். நான் ஃபிகர் ஸ்கேட் போடுகிறவன், எனக்கு இது தோன்றவே இல்லை. கழற்றி, இரண்டையும் துடைத்து, தனித்தனியாகக் காயவைத்து, மறுநாள் மாட்டிக்கொள்ளுங்கள்.