வாடகைப் பத்திரம்: கையெழுத்துப் போடும் முன் பென்சிலோடு ஒரு மணி நேரம்

சென்னையில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. அந்த அலைச்சலில் பத்திரத்தை யார் படிக்கிறார்கள்? "எல்லாம் வழக்கமா போடறதுதான் சார்" என்பார் புரோக்கர். நானும் அதை நம்பித்தான் போட்டேன். காலி செய்தபோது பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார் ஓனர். சண்டைக்குப் போனால், ஏழாவது ஷரத்தைக் காட்டினார். பக்கத்தின் அடியில் என் கையெழுத்து.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான்.

முதலில், பத்திரத்தை முன்கூட்டியே வாங்குங்கள். முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அடித்துவிட்டால் ஒரு எழுத்தை மாற்றக்கூட யாருக்கும் மனசு வராது.

அடுத்து, பென்சில். ஒவ்வொரு ஷரத்தின் ஓரத்திலும் அது யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று குறியுங்கள்: ஓனர் என்றால் "ஓ", வாடகைதாரர் என்றால் "வா". பத்து "வா"வுக்கு ஒரு "ஓ" வந்தால் உஷார். பிறகு, நமக்குப் போட்ட விதியை ஓனருக்கும் பொருத்திப் பாருங்கள். நாம் காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ், அவர் காலி செய்யச் சொல்ல ஒரு மாதம் போதும் என்றிருந்தால் அந்த இடத்தில் ஒரு வட்டம். "ஓனர் அவ்வப்போது நிர்ணயிக்கும் தொகை", "ஓனரின் முடிவே இறுதியானது" ஆகியவற்றுக்கும் வட்டம். வாடகை ஏறலாம், தப்பில்லை. எத்தனை சதவீதம், எப்போது என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அட்வான்ஸ். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதே பிரிவு, "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவைத் திறந்துவிடுவது நீங்கள்தான். சட்டம் காப்பாற்றும் என்று பத்திரத்தைப் படிக்காமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்திரத்தில் "அடுத்த வாடகைதாரர் வந்த பிறகு" என்றிருந்தால் அடித்துவிட்டு, "சாவி ஒப்படைத்த 30 நாளுக்குள்" என்று எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, பெயிண்டிங். அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. நடைமுறையில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அந்த ஷரத்தையே முழுசாக எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "வாடகைதாரரால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும், பில் காட்டி" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அதற்கு அடுத்த வீட்டில் பலித்தது.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கரண்ட்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே ரேட் போட்டிருந்தால், தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாரியத்தின் பில்லை நேராகக் கட்டுவதே நல்லது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டை விட்டுவிடாதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் வந்து பார்வையிடுவேன்" என்பதும் செல்லாது, 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை.

அப்புறம், பத்திரத்தை 11 மாதத்துக்கு மட்டும் போடும் அந்தக் கணக்கு. ஓராண்டுக்குக் குறைந்தால் பதிவே வேண்டாம் என்பது பழைய பழக்கம். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் உண்டு. "பதிவு தேவையில்லை" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, பேச்சு. வட்டம் போட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். என் வரிசையில் அட்வான்ஸ் திரும்பும் நாள்தான் முதலில். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று ஓனர் சொன்னால், "சரி சார், அதையே ஒரு வரி எழுதிடலாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். திருத்திய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும், நிரப்பாத கோடு எதுவும் இருக்கக்கூடாது. சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.